நோட்டன் பிரிட்ஜில் இரசாயன விபத்து நேர்ந்தால் முதலில் வருவது யார்?

1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே நிற்கும் ஏழு கன்னியர் மலையில் ஒரு டி.சி.8 விமானம் மோதியது. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு, கட்டுநாயக்கவில் இறங்கிச் செல்லவிருந்த விமானம் அது. அதில் இருந்த 191 பேரில் ஒருவரும் தப்பவில்லை. இலங்கை மண்ணில் நடந்த மிகப் பெரிய விமான விபத்து இன்றைக்கும் அதுதான். நகரில் அதற்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது.

அந்த மலையின் அடிவாரமெங்கும் தேயிலைத் தோட்டங்கள். இருட்டில், ஈரத்தில், அட்டைக்கடியில் அந்தச் சரிவுகளில் ஏறத் தெரிந்தவர்கள் தோட்டத்து மக்கள்தான். எரிந்த எரிபொருளுக்கும் கிழிந்த உலோகத்துக்கும் பக்கத்தில் போகிறவர் என்ன அணிந்திருக்க வேண்டும், எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்ற கேள்விகள் அந்தக் காலத்தில் எழவே இல்லை. ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இப்போது இலங்கையில் அனர்த்த முகாமைத்துவத்துக்கு ஒரு சட்டம் இருக்கிறது, ஒரு நிலையம் இருக்கிறது, இரசாயன விபத்துகளுக்கெனப் பயிற்சி பெற்ற படைப் பிரிவுகளும் இருக்கின்றன. ஆனால் நோட்டன் பிரிட்ஜில் இன்று ஒரு விபத்து நேர்ந்தாலும் முதல் அரை மணி நேரம் அங்கே இருக்கப்போவது அதே தோட்டத்து மக்களும், உள்ளூர் பொலிசாரும், ஒரு முச்சக்கரவண்டிச் சாரதியும்தான். அரசின் பயிற்சி ஏணியில் இவர்கள் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

"இரசாயனம்" என்ற சொல்லைக் கேட்டதும் போரைக் கடந்து வந்த நம் வாசகர் பலருக்கு வேறு நினைவுகள் வரும். இறுதிப் போரில் வெண் பொஸ்பரஸ் பயன்படுத்தப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டுகள் இன்னும் பேசப்படுகின்றன. 1990 ஜூனில் கிழக்கில் கிரான் இராணுவ முகாம் மீது விடுதலைப் புலிகள் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டதும் பதிவாகியிருக்கிறது. அவை தனியே எழுத வேண்டியவை. இங்கே பேசுவது ஆயுதத்தைப் பற்றி அல்ல. களஞ்சிய அறையில் பூட்டி வைத்திருக்கும் பீப்பாயைப் பற்றி, வளைவில் புரளக்கூடிய பவுசரைப் பற்றி.

பள்ளத்தாக்கில் என்ன இருக்கிறது

நோட்டன் பிரிட்ஜ் என்றாலே மின்சாரம். காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீர் சுரங்கவழியாக வந்து விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு நோட்டன் அணைக்கட்டில் சேர்கிறது. அங்கிருந்து பழைய லக்ஷபான நிலையத்துக்குப் போகிறது. பழைய லக்ஷபான 1950இல் இயங்கத் தொடங்கியது, விமலசுரேந்திர 1965இல். பக்கத்துப் பள்ளத்தாக்கில் மவுஸ்ஸாகலை, கெனியன், புதிய லக்ஷபான; கீழே பொல்பிட்டிய. நீரால் மின்சாரம் எடுப்பதில் புகை இல்லை, சாம்பல் இல்லை. ஆனால் ஒவ்வொரு நிலையத்திலும் மின்மாற்றிகள் இருக்கின்றன. அவற்றுக்குள் எண்ணெய் இருக்கிறது. உலகெங்கும் பழைய மின்மாற்றி எண்ணெய்களில் பி.சி.பி. என்ற நச்சுச் சேர்மம் கலந்திருந்ததால்தான், ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை அத்தகைய கருவிகளை 2025க்குள் பாவனையிலிருந்து நீக்கவும், 2028க்குள் பாதுகாப்பாக அழிக்கவும் காலக்கெடு வைத்தது. இலங்கையும் அதில் ஓர் உறுப்பு நாடு.

அடுத்தது தோட்டம். ஒவ்வொரு தோட்டத்திலும் களைநாசினியும், கொப்புள நோய்க்கு அடிக்கும் செம்புச் சேர்மமும், பசளையும் அடுக்கிய ஒரு களஞ்சியம் இருக்கும். தேயிலைத் தொழிற்சாலையில் டீசல் இருக்கும். குடிநீர்த் திட்டங்களில் குளோரின் தூள் இருக்கும். கினிகத்தேனையிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் மஸ்கெலியாவுக்குப் போகும் வளைவுப் பாதைகளில் எரிபொருள் பவுசர்களும் சமையல் எரிவாயு லொறிகளும் ஏறி இறங்குகின்றன. இவற்றில் எதுவும் அபூர்வமானதல்ல. யாரும் அதை ஆபத்து என்று எண்ணாமல் பழகிவிட்டதற்கும் அதுவே காரணம்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஆறு. நோட்டன் அணைக்கட்டு நிற்பது கெசல்கமு ஓயாவில். அது மஸ்கெலி ஓயாவுடன் சேரும் இடத்திலிருந்துதான் களனி கங்கை தொடங்குகிறது. 145 கிலோமீற்றர் ஓடி அது கடலைச் சேர்வதற்குச் சற்று முன்னால், அம்பத்தலையில் கொழும்பின் குடிநீரில் பெரும் பங்கு எடுக்கப்படுகிறது. தோட்டத்துக் கானில் கழுவிவிடும் மருந்து எங்கே போகிறது என்ற கேள்விக்கு, கொழும்பில் குழாயைத் திறக்கிறவரும் அக்கறைப்பட வேண்டிய விடை இது. மேலே கலக்கும் சிறிதளவு கீழே போகும்போது நீரில் கரைந்து நீர்த்துப் போகும் என்பது உண்மை. மேலே பீலித் தண்ணீர் குடிக்கிறவருக்கு அந்தச் சலுகை இல்லை.

களனி எவ்வளவு எளிதில் நின்றுபோகும் என்பதை 2015 ஓகஸ்டில் பார்த்தோம். பியகமவில் ஒரு குளிர்பானத் தொழிற்சாலையிலிருந்து கசிந்த டீசல் ஆற்றில் கலந்ததால், தலைநகர்ப் பகுதிக்கான நீர் விநியோகம் தடைப்பட்டது. மத்திய சுற்றாடல் அதிகார சபை அந்தத் தொழிற்சாலையின் உரிமத்தை இடைநிறுத்தியது. கொழும்பு தாகித்ததால் நடவடிக்கை விரைவாக வந்தது.

சட்டத்தில் இருப்பது

சுனாமிக்குப் பிறகு, 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. "அனர்த்தம்" என்றால் எவையெவை என்று அந்தச் சட்டம் ஒரு நீண்ட பட்டியல் தருகிறது. மண்சரிவு, வெள்ளம், வரட்சி, சூறாவளி ஆகியவற்றோடு இரசாயன விபத்து, கைத்தொழில் ஆபத்து, எண்ணெய்க் கசிவு, கதிர்வீச்சு அவசரநிலை ஆகியவையும் அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே இரசாயன விபத்துக்குத் தயாராக வேண்டிய கடமை அரசுக்கு உண்டா என்ற விவாதத்துக்கே இடமில்லை. சனாதிபதி தலைமையிலான தேசிய பேரவை, அதன் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம், மாவட்ட அலகுகள், பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர் என்று அமைப்பு கீழே வரை இறங்குகிறது.

நுவரெலியா மாவட்டத்தில் இந்த அமைப்பு நன்கு பழகியிருப்பது மண்சரிவுக்குத்தான். மழைமானி, எச்சரிக்கை மட்டங்கள், வெளியேற்றம், பாடசாலையில் தங்க வைத்தல் எல்லாம் மக்களுக்குத் தெரியும். மழை மூன்று நாள் பெய்தால் யார் யார் லயத்தைவிட்டுப் போக வேண்டும் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். இரசாயன விபத்து அப்படியல்ல. அதற்கு மழைக்காலம் கிடையாது, முன்னறிவிப்பும் கிடையாது. மண்சரிவில் மக்கள் விலகி ஓடுகிறார்கள். இரசாயன விபத்தில் பார்க்கவும் காப்பாற்றவும் நெருங்கி ஓடுகிறார்கள்.

இரண்டும் சேர்ந்து வரலாம் என்பதையும் மறக்கக் கூடாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டபோது பாதைகள் அறுந்தன, மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் நாட்கணக்கில் இல்லை. மண் சரியும் சரிவில் ஒரு களஞ்சியம் இருந்தால், அதற்குள் இருப்பதும் மண்ணோடு சேர்ந்து ஓடைக்குத்தான் வரும்.

பீடைகொல்லிகளுக்கு வேறு சட்டம்: 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம். பேராதனை கெட்டம்பேயில் உள்ள பதிவாளர் அலுவலகம் எதை விற்கலாம், எதைத் தடை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கிறது. இந்த ஒழுங்குமுறை செய்த நன்மை சிறியதல்ல. கடும் நச்சு மருந்துகள் 1995 முதல் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. டைமெதோயேற், பென்தியன், பரகுவாற் ஆகிய மூன்றும் 2008 முதல் 2011 வரை படிப்படியாக நிறுத்தப்பட்டன. நஞ்சினால் ஏற்பட்ட மரணங்கள் அதன்பின் பெருமளவு குறைந்ததை உலகின் மருத்துவ ஆய்வாளர்கள் இலங்கையை உதாரணம் காட்டிப் பேசுகிறார்கள். பயிற்சியோ அறிவுரையோ சாதிக்காததை, கடையிலிருந்து போத்தலை எடுத்துவிட்ட ஒரு முடிவு சாதித்தது.

தொழிற்சாலைகளுக்கு 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பெயர் சொல்வதுபோல் அது தொழிற்சாலைக்கு உரியது. தேயிலை அரைக்கும் கட்டடத்துக்குள் அது வரும். முதுகில் தாங்கியைச் சுமந்து மலையில் மருந்தடிக்கிறவரிடம் வராது.

பயிற்சி யாருக்கு, எங்கே

இரசாயன அவசரநிலைக்கான பயிற்சி இலங்கைக்கு வந்த வழி சற்று விசித்திரமானது. அது தொழிலாளர் பாதுகாப்பு வழியாக வரவில்லை, ஆயுதத் தடை வழியாக வந்தது. இரசாயன ஆயுதங்கள் உடன்படிக்கையை இலங்கை 1994இல் அங்கீகரித்தது. 1997இல் அந்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. 2007ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் அதை நாட்டுக்குள் கொண்டுவந்தது. அதை நடைமுறைப்படுத்தும் தேசிய அதிகார சபை கைத்தொழில் அமைச்சின் கீழ் இயங்குகிறது. அந்த உடன்படிக்கையின் பத்தாம் உறுப்புரை, இரசாயனத் தாக்குதலிலிருந்து பாதுகாப்புப் பெறவும் அதற்கான உதவி பெறவும் உறுப்பு நாடுகளுக்கு உரிமை தருகிறது. ஹேக் நகரிலுள்ள இரசாயன ஆயுதத் தடை அமைப்பு நடத்தும் பயிற்சிகள் அதன்கீழ் வருபவை. பாதுகாப்பு உடை அணிவது, வாயுவைக் கண்டறியும் கருவியைப் பயன்படுத்துவது, நச்சுப்பட்டவரைக் கழுவி வெளியே எடுப்பது எல்லாம் அங்கே கற்பிக்கப்படுகின்றன. இராணுவத்திலும் கடற்படையிலும் இரசாயன, உயிரியல், கதிரியக்க, அணுசக்தி ஆபத்துகளுக்கான தனிப் பிரிவுகள் இருக்கின்றன.

இது பயனற்றது என்று யாரும் சொல்லவில்லை. குளோரின் ஆயுதமாக வந்தாலும் சிலிண்டரிலிருந்து கசிந்தாலும் நுரையீரலுக்கு ஒன்றுதான். ஆனால் பயிற்சி எந்த வழியாக வருகிறதோ அந்த வழியில் இருப்பவர்களிடமே அது தங்கிவிடும். துறைமுகம், விமான நிலையம், தலைநகரம், படைமுகாம் என்று அதன் இருப்பிடங்கள் அமைகின்றன. வடக்கு கிழக்கு வாசகருக்கு இதில் இன்னொரு சிக்கலையும் விளக்கத் தேவையில்லை: விபத்து நேர்ந்ததும் முகமூடியும் முழு உடையும் அணிந்து வருகிறவர் சீருடைக்காரராக இருந்தால், அவர் சொல்லும் "வெளியேறுங்கள்" என்ற ஒற்றைச் சொல்லை எல்லோரும் ஒரே மாதிரிக் கேட்பதில்லை.

உயர்மட்டப் பயிற்சி இருந்தும் என்ன நடக்கும் என்பதை 2021 மே மாதம் காட்டியது. எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. 25 தொன் நைத்திரிக் அமிலமும் இருந்தது. அமிலம் கசிவது மே 11ஆம் திகதியே கப்பலில் தெரிந்துவிட்டது. கட்டாரின் ஹமாட், இந்தியாவின் ஹசீரா ஆகிய துறைமுகங்கள் அந்தக் கொள்கலனை இறக்க மறுத்தன. கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்ட கப்பல் மே 20இல் தீப்பிடித்தது, ஜூன் 2இல் மூழ்கத் தொடங்கியது. சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்தன. நாட்டின் முழு வளமும் குவிந்திருக்கும் கொழும்பு வாசலில் நடந்தது இது. கருவி குறைந்ததைவிட, கசிவு என்ற தகவல் உரியவரிடம் உரிய நேரத்தில் போய்ச் சேராததும், சேர்ந்த பிறகு முடிவு எடுக்கப்படாததும்தான் அங்கே தோல்வி. 2025 ஜூலையில் உயர்நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது.

மறுமுனையில் ஹொரணை. 2018 ஏப்ரல் 19ஆம் திகதி பெல்லபிட்டியவில் ஒரு இறப்பர் தொழிற்சாலையில் அமோனியா இருந்த தாங்கிக்குள் ஒரு தொழிலாளி விழுந்தார். காப்பாற்றப் போனவர்களும் விழுந்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவரையேனும் காப்பாற்றியிருக்கக் கூடியது கருவி அல்ல. "உள்ளே இறங்காதே" என்று முன்பே மனதில் பதிந்த ஒரு வார்த்தை. கிணறு துப்புரவாக்க இறங்கி, ஒருவர் பின் ஒருவராக மாண்டுபோன சம்பவங்கள் நம் ஊர்களிலும் உண்டு. அங்கேயும் காரணம் இதுதான்.

முதல் படி எது

இரசாயன விபத்துப் பயிற்சியை உலகம் படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகளில் ஐந்து படிகள். கசிவை அடைக்கப் போகும் நிபுணரும், அவரை வழிநடத்தும் கட்டளை அதிகாரியும் மேல் படிகளில் நிற்கிறார்கள். அதற்கு நாட்கணக்கான பயிற்சியும், காற்றுச் சிலிண்டரோடு கூடிய முழு உடையும், ஆண்டுதோறும் மீள்பயிற்சியும் வேண்டும். நோட்டன் பிரிட்ஜில் அது சாத்தியமில்லை, தேவையும் இல்லை.

கீழ்ப்படியின் பெயர் விழிப்புணர்வு நிலை. அந்தப் படியில் நிற்பவர் செய்ய வேண்டியது நான்கே காரியம்: இது இரசாயன விபத்து என்று அடையாளம் காண்பது, தான் விலகி நிற்பது, மற்றவரை நெருங்கவிடாமல் தடுப்பது, சரியான தகவலைச் சரியான இடத்துக்குச் சொல்வது. பொலிஸ் கொன்ஸ்டபிள், கிராம உத்தியோகத்தர், தோட்ட வைத்திய உதவியாளர், களஞ்சியப் பொறுப்பாளர், கங்காணி, பஸ் சாரதி, பாடசாலை அதிபர் ஆகியோருக்கு ஒரு நாளில் கற்பித்துவிடலாம். செலவு ஒரு மண்டபமும் மத்தியானச் சாப்பாடும்தான். மேல் படிகளுக்குச் செலவழித்துவிட்டு இந்தப் படியைக் கட்டாமல் விட்டால், மேலே இருப்பவருக்கு அழைப்பே ஒழுங்காகப் போகாது. எக்ஸ்பிரஸ் பேர்ளில் நடந்ததும் ஏறத்தாழ அதுதான்.

அந்த ஒரு நாளில் என்ன சொல்லிக் கொடுப்பார்கள்? முதலில் தூரம். என்ன பொருள் என்று தெரியாத கசிவென்றால் எல்லாப் பக்கமும் குறைந்தது 100 மீற்றர் வெறுமையாக இருக்க வேண்டும் என்பது வட அமெரிக்காவில் முதலுதவிப் படையினர் கையில் வைத்திருக்கும் வழிகாட்டி நூலின் விதி. எரிபொருள் பவுசரில் தீ பிடித்தால் 800 மீற்றர். மீற்றர் அளக்க நேரமில்லை என்றால் ஒரு எளிய வழி உண்டு: கையை நேராக நீட்டிப் பெருவிரலை உயர்த்துங்கள், விபத்து நடந்த இடம் விரலுக்குள் மறையவில்லை என்றால் நீங்கள் இன்னும் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள்.

அடுத்தது எண். ஆபத்தான சரக்கு ஏற்றும் வாகனங்களில் செம்மஞ்சள் பலகையில் நான்கு இலக்க எண் எழுதுவது உலக வழக்கு. 1203 என்றால் பெற்றோல், 1202 டீசல், 1075 சமையல் எரிவாயு, 1005 அமோனியா, 1017 குளோரின், 1830 கந்தக அமிலம். சாரதி மயங்கிக் கிடந்தாலும் அந்த எண்ணைத் தூரத்தில் நின்று வாசித்துத் தொலைபேசியில் சொல்ல முடிந்தால், வருகிறவர் என்ன கொண்டுவர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

பிறகு காற்று. சமதரையில் எழுதிய பாடநூல் இங்கே அப்படியே பொருந்தாது. "காற்று வீசும் திசைக்கு எதிராகப் போ, மேட்டுக்குப் போ" என்பது பொது விதி. குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. அது தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தங்கும். அமோனியா இலேசானது, மேலே போய்விடும் என்பார்கள். ஆனால் குளிர்ந்த ஈரக் காற்றில் அது வெண்மேகம்போல் தரையோடு தாழ்ந்து நகரும். மஸ்கெலியா, நோட்டன் பக்கத்துக் காற்று ஆண்டில் பாதி நாள் அப்படித்தான் இருக்கிறது. லயங்களோ பெரும்பாலும் ஓடையை ஒட்டிய தாழ்வில். இரவில் மலைக்காற்று கீழ்நோக்கி இறங்கும். ஆகவே பாதையில் நேர்ந்த கசிவு இரவில் லயத்துக்கு வரும். பாதையைப் பிடித்துக் கீழே ஓடுகிறவர் அதனோடேயே ஓடுகிறார். குறுக்கே, தேயிலைக்குள் புகுந்து மேலே ஏற வேண்டும். எந்தக் குறுக்குவழி என்பதை அந்தந்தத் தோட்டத்துக்காரர்தான் சொல்ல முடியும். வரைபடத்தில் இருக்காது.

தமிழ்நாட்டில் எண்ணூர் மக்களுக்கு நேர்ந்ததும் இதுவே. 2023 டிசம்பர் 26ஆம் திகதி நள்ளிரவுக்குச் சற்று முன், கப்பலிலிருந்து உர ஆலைக்கு அமோனியா கொண்டுபோகும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பம் மீனவர் குடும்பங்கள் கண்ணெரிச்சலில் விழித்து, எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் வீதிக்கு வந்தன. ஐம்பது பேர் வரை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 1984 போபாலுக்குப் பின் இந்தியாவில் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டமும், 1996இல் இரசாயன விபத்துகளுக்கான அவசரத் திட்ட விதிகளும் வந்துவிட்டன. விதி இருந்தது. குப்பத்தில் படுத்திருந்தவருக்கு அது வந்து சேரவில்லை.

"மருந்து"

தோட்டத்தில் களைநாசினிக்குப் பெயர் மருந்து. வன்னி வயலிலும் அதே பெயர்தான். 1977க்கும் 1983க்கும் பிறகு மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறியவர்கள் இரண்டு இடத்திலும் அதை முதுகில் சுமந்திருக்கிறார்கள். நோயைத் தீர்ப்பதற்கும் புல்லைக் கொல்வதற்கும் ஒரே சொல். பயிற்சி தொடங்க வேண்டியது அந்தச் சொல்லிலிருந்துதான் என்று எனக்குப் படுகிறது.

போத்தலுக்குள் இருப்பதும் அடிக்கடி மாறுகிறது. பரகுவாற் போனது. கிளைபோசேற்றை 2015இல் அரசு தடை செய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தியது. 2021இல் இரசாயனப் பசளைத் தடையோடு எல்லாம் குழம்பியது. 2022இல் கிளைபோசேற் தடை நீங்கியது. ஒவ்வொரு முறையும் கொழும்பில் வர்த்தமானி வெளியானது, ஏற்றுமதியாளர் பேசினார்கள், விஞ்ஞானிகள் மோதிக்கொண்டார்கள். மருந்தடிக்கிறவருக்கு மாறியது போத்தலின் நிறம். புதிய மருந்து தோலில் பட்டால் என்ன, மூச்சில் போனால் என்ன என்பது அவரளவில் வர்த்தமானியோடு வந்ததா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

தெரிந்திருக்க வேண்டியவை அதிகமில்லை. மருந்து உடம்பில் கொட்டினால் உடனே உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டு நிறையத் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவ வேண்டும். வெட்கத்துக்கு அங்கே இடமில்லை. கழுவுகிறவரும் கையுறை போட வேண்டும், ஏனென்றால் நனைந்த உடுப்பு அவரையும் பாதிக்கும். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வைத்தியசாலைக்குப் போகும்போது போத்தலை அல்லது அதன் பெயர்ப்பட்டியைக் கூடவே கொண்டுபோக வேண்டும். குளோரின் தூளையும் அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயுவே வரும். பாடசாலைக் கழிப்பறை கழுவுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். ஈரத் துணியை மூக்கில் பிடிப்பது தப்பி ஓடும் சில நிமிடங்களுக்கு ஓரளவு உதவும். அதை நம்பி உள்ளே போகக் கூடாது.

தோட்டத்துக்குப் பக்கத்திலுள்ள பெரிய வைத்தியசாலை டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை. இந்திய உதவியில் கட்டப்பட்ட அதன் புதிய கட்டடத்தை 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் திறந்துவைத்தார். கட்டடம் நல்லது. கழுவாத நோயாளியை அப்படியே விடுதிக்குள் கொண்டுபோனால் தாதியரும் பாதிக்கப்படுவர் என்பதால், வாசலுக்கு வெளியே ஒரு தண்ணீர்க் குழாயும் மறைப்பும் வைப்பதும் அதே அளவு முக்கியம். எந்தச் சிறு வைத்தியசாலையிலும் இதைச் செய்துவிடலாம்.

கேட்பதற்கு உள்ள வழிகள்

தோட்ட லயங்கள் நீண்டகாலம் உள்ளூராட்சிக்கு வெளியே இருந்தன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபைப் பணம் செலவழிப்பதற்குத் தடையாக இருந்தது, 2018இல்தான் திருத்தப்பட்டது. ஆகவே தீயணைப்பு, குப்பை, குடிநீர் எல்லாமே நிர்வாகத்தின் பொறுப்பு என்று இரு பக்கமும் பழகிப்போயிற்று. ஹட்டன் டிக்கோயா நகர சபையின் தீயணைப்புப் பிரிவு லயம் எரியும்போது வருகிறது. மலைப்பாதையில் அது வந்து சேரும் நேரத்தை யாரும் குறைக்க முடியாது.

மொழி விடயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. அம்பகமுவ 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதன்படி எச்சரிக்கைப் பலகை, பயிற்சி, ஒலிபெருக்கி அறிவித்தல் எல்லாம் தமிழிலும் வருவது உரிமை. யாரும் இரங்கித் தரும் சலுகையல்ல. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு தோட்டத் தொழிலாளியே மாவட்ட அனர்த்த முகாமைத்துவ அலகிடம் எழுதிக் கேட்கலாம்: அம்பகமுவவுக்கான தயார்நிலைத் திட்டத்தில் இரசாயன விபத்து இருக்கிறதா? கடைசியாக எப்போது ஒத்திகை நடந்தது? எந்த மொழியில்? மத்திய சுற்றாடல் அதிகார சபையிடமும், மின்சார சபையிடமும், நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமும் அதே கேள்வியை எழுதலாம்.

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வடக்கிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. சுன்னாகத்தில் அனல்மின் நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்துவிட்டது என்று மக்கள் சொன்னபோது, ஒரு குழு ஆபத்து இல்லை என்றது, இன்னொரு குழு இருக்கிறது என்றது. குடங்களில் எண்ணெய் மிதந்தது. வீதியில் இறங்கியதோடு நிற்காமல் வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி, மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிணறு பழையபடி ஆகவில்லைதான். ஆனால் நிலத்தடி நீரைக் கெடுத்தவர் அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்பது இப்போது தீர்ப்பில் எழுதப்பட்டிருக்கிறது.

இலக்கங்களைத் தாளில் எழுதிக் கதவில் ஒட்டி வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. சுவசெரிய அம்புலன்ஸ் 1990. பொலிஸ் அவசர அழைப்பு 119. கொழும்பு தேசிய வைத்தியசாலையின் நச்சுத் தகவல் நிலையம் 011 2686143. எந்த மருந்துக்கு என்ன செய்வது என்று வைத்தியர்களும் அங்கேதான் கேட்கிறார்கள். அழைக்கும்போது சொல்ல வேண்டியது: தோட்டத்தின் பெயர், டிவிசன், பக்கத்திலுள்ள பாலம் அல்லது கோயில், பலகையிலுள்ள எண் அல்லது பீப்பாயில் எழுதியிருக்கும் பெயர், புகையா, திரவமா, மணமா, காற்று எந்தப் பக்கம், எத்தனை பேர் விழுந்திருக்கிறார்கள், ஓடை எவ்வளவு பக்கத்தில். சொல்லி முடித்ததும், கீழே பீலியில் தண்ணீர் பிடிக்கிறவர்களுக்கு ஆள் அனுப்புங்கள்.